தெருமுனையில் ஒரு டெலஸ்கோப்

ஒரு சன்னியாசியை மடத்தை விட்டு எதற்கெல்லாம் வெளியேற்றுவார்கள்? பணம், பெண், பதவிச் சண்டை... பேப்பரில் நாம் படிக்கிற கதைகள்தான். டெலஸ்கோப் பைத்தியம் முற்றிப்போய் மடத்தை இழந்த சன்னியாசி ஒருவர் இருந்தார். பெயர் ஜான் டாப்சன். வானம் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு விவரம் தெரிந்தவர்கள் முதலில் சிபாரிசு செய்கிற 'டாப்சோனியன்' டெலஸ்கோப் இவர் பெயரில் வழங்குவதுதான்.

டாப்சன் பிறந்தது 1915-ல், சீனாவின் பீஜிங்கில். 1927-ல் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. பெர்க்லியில் வேதியியல் படித்து 1943-ல் பட்டம் வாங்கினார். கடவுள் இல்லை என்று சண்டைக்கு நிற்கிற ஆள். அப்படிப்பட்டவர் 1944-ல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் துறவியாகச் சேர்ந்துவிட்டார்! (அந்தச் சங்கம் 1900-ல் விவேகானந்தர் தொடங்கியது. 1893-ல் விவேகானந்தர் சிகாகோ போவதற்கு அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் அலைந்து நிதி திரட்டியது நமக்குத் தெரிந்த கதை. அந்தப் பணம் எங்கெல்லாம் போய் முளைத்திருக்கிறது பாருங்கள்.)

மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, வேதாந்தம் சொல்வதையும் வானியல் சொல்வதையும் பொருத்திப் பார்ப்பது. புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். டாப்சனுக்கு நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 1956-ல் பழைய சாமான் கடையில் கிடைத்த ஒரு லென்ஸை வைத்துச் சின்னதாக ஒரு டெலஸ்கோப் செய்தார். சனிக்கிரகத்தின் வளையம் தெரிந்தது. அதோடு விட்டாரா?

துறவிக்குச் சம்பளம் கிடையாது. அதனால் குப்பையும் பழைய சாமானும்தான் மூலப்பொருள். கப்பலில் ஜன்னலுக்குப் போடும் வட்டக் கண்ணாடி ஒன்று கிடைக்க, அதைத் தேய்த்து 12 அங்குலக் குழியாடி செய்தார். தேய்ப்பது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வட்டு ஒன்றைக் கீழே வைத்து, நடுவில் ஈரமான உரைப்பொடி போட்டு, மேலே இன்னொரு வட்டை வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டும் இருக்க வேண்டும். மேலே உள்ள வட்டு தானாகக் குழியும். பொடியை வரவர நைஸாக்கி, கடைசியில் பாலிஷ் போட்டு, மேலே மெல்லிய அலுமினியப் பூச்சு. வெறும் கையால் செய்கிற இந்த வேலையில் கடைசி வளைவு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடப் பிசகக்கூடாது. படிக்கும்போது நான் நம்பவில்லை. உண்மைதான், இன்றும் வீட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள்.

அந்த 12 அங்குலக் கண்ணாடியில் அவர் பார்த்தது தேய்பிறைப் பாதி நிலா. அதன் மேல் இறங்கப் போகிற மாதிரி இருந்ததாம். இதை எல்லாரும் பார்த்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். (அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்பார்கள். டெலஸ்கோப்பில் நிலா பார்க்க அஷ்டமிதான் நல்ல நாள். பௌர்ணமியில் வெளிச்சம் நேராக விழுவதால் எல்லாம் வெள்ளையாகத் தட்டையாகத் தெரியும். பாதி நிலாவில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும்.)

1958-ல் அவரை சாக்ரமென்டோ நகரத்து மடத்துக்கு மாற்றினார்கள். அங்கே டெலஸ்கோப்பைச் சக்கரத்தில் வைத்துத் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள். மடத்துப் பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ மடத்தில் இருந்த சக துறவி ஒருவருக்கும் இந்த ஆசை உண்டு. மேலே இருப்பவர்கள் தடை போட்டுவிடக் கூடாதே என்று இருவரும் சங்கேத வார்த்தையில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். டெலஸ்கோப்புக்குப் பெயர் 'ஜெரேனியம்' செடி. குழாயில் பொருத்தித் தாங்கியோடு இருந்தால் 'தொட்டியில் வைத்த ஜெரேனியம்'. கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சு முடிந்துவிட்டால் 'பூத்த ஜெரேனியம்'! இரண்டு சன்னியாசிகள் இப்படித் திருட்டுத்தனம் செய்த கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முடிவு சிரிப்பாக இல்லை. 1967-ல் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். 23 வருஷம் இருந்த வீடு. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. சேமிப்பு கிடையாது, குடும்பம் கிடையாது. மடத்தை வில்லனாக்குவது சுலபம், நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு இடத்துக்குச் சபதம் எடுத்துச் சேர்ந்தவர் ராத்திரியில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனால் அந்த இடம் எப்படி நடக்கும்? அவர் கேட்டிருந்தால் விட்டிருப்பார்களா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

சான் பிரான்சிஸ்கோ திரும்பினார். ஜாக்சன் தெருவும் பிராடரிக் தெருவும் சந்திக்கிற முனையில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு நிலாவும் சனியும் காட்டினார். காசு இல்லை. தெருவில் டெலஸ்கோப் காட்டுவது புதிது இல்லை. 19-ம் நூற்றாண்டு லண்டனில் தையல்காரர் ஒருவர் ஆளுக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு காட்டியதை ஹென்றி மேஹ்யூ எழுதி வைத்திருக்கிறார். அது பிழைப்பு. டாப்சன் பிழைப்பே இல்லாத நிலையில் இலவசமாகக் காட்டினார். அதுதான் எனக்குப் புரியாத, பிடித்த இடம்.

1968-ல் இரண்டு பையன்களோடு சேர்ந்து 'நடைபாதை வானியலாளர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதில் ஒரு பையன் தன் கையாலேயே 12 அங்குல டெலஸ்கோப் செய்தவன். வயது போதாது என்று ஊரில் இருந்த வானியல் சங்கம் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சரி, நாமே ஒன்று ஆரம்பிப்போம் என்று ஆரம்பித்ததுதான்.

இனி அந்த டெலஸ்கோப்பைப் பார்ப்போம். அன்றைய வழக்கப்படி நல்ல டெலஸ்கோப் என்றால் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்த கனமான இரும்புத் தாங்கி, சுழற்ற மோட்டார், கண்ணாடியும் தடிமனாக. புகைப்படம் எடுக்க இதெல்லாம் தேவை. கண்ணால் பார்க்க எதற்கு? டாப்சன் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். கான்கிரீட் தூண் வார்க்கிற அட்டைக் குழாய், ப்ளைவுட் பெட்டி, மெல்லிய கண்ணாடி. பீரங்கி மாதிரி மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளலாம். உராயும் இடங்களில் டெஃப்லான் துண்டுகள். தள்ளினால் வழுக்கும், விட்டால் அப்படியே நிற்கும். பூமி சுழல்வதால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் சனி பார்வையை விட்டு நகர்ந்துவிடும். அதனால் என்ன, அடுத்த ஆள் பார்ப்பதற்கு முன் லேசாகத் தள்ளிவிட்டால் போயிற்று. வரிசையில் நிற்கிற கூட்டத்துக்காகவே செய்த கருவி இது. குழந்தை இடித்தாலும் ஒன்றும் ஆகாது.

விலை குறைந்ததும் கண்ணாடி பெரிதானது. சாதாரண ஆர்வலர்கள் 6 அங்குலம், 8 அங்குலம் வைத்திருந்த காலத்தில் இவர் 24 அங்குலம் செய்தார். 6 அங்குலத்தைவிட 16 மடங்கு ஒளி சேரும். இத்தனைக்கும் காப்புரிமை எடுக்கவில்லை. கம்பெனிகள் இந்த வடிவத்தைச் செய்து விற்றன, இன்றும் விற்கின்றன. அவருக்கு அதில் பங்கு இல்லை.

பிறகு பஸ்ஸில் டெலஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்குப் போனார்கள். ஒரு பூங்காவில் அதிகாரி ஒருவர், வானம் பூங்காவில் சேராது என்று தடுத்தாராம். பூங்காதான் வானத்தில் சேரும் என்று டாப்சன் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. டாப்சன் பெருவெடிப்பை ஏற்கவில்லை. பிரபஞ்சம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு என்றும் இருக்கிறது என்று சாகும்வரை வாதாடினார். மடத்தில் கொடுத்த வீட்டுப்பாடத்தை விடவே இல்லை போலிருக்கிறது! விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை, 1965-ல் அறிவித்த பின்புலக் கதிர்வீச்சுக் கண்டுபிடிப்புக்குப் பின் ஏற்பது கஷ்டம். என் கணக்கில் அவர் சொன்னது தப்பு. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு அவர் காட்டிய சனி நிஜமான சனிதான்.

2014 ஜனவரியில், 98-வது வயதில் கலிஃபோர்னியாவில் இறந்தார். அதற்கு முன்பே, 2007-ல், பல நாடுகளில் ஒரே இரவில் ஆர்வலர்கள் டெலஸ்கோப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்து காட்டும் சர்வதேச நடைபாதை வானியல் இரவு தொடங்கியிருந்தது. தெருவிளக்கு எத்தனை எரிந்தாலும் நிலாவுக்கும், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களுக்கும், சனியின் வளையத்துக்கும் இடைஞ்சல் இல்லை. எங்காவது தெருமுனையில் அட்டைக் குழாயோடு யாராவது நின்றுகொண்டிருந்தால் தயங்காமல் வரிசையில் நில்லுங்கள். உள்ளே படம் ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், அவர்களுக்குப் பழக்கம்தான்.