பிறவிக் கண் குறைபாடுகளுக்கான நோய்க் குறியீடுகள்

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் (ஐசிடி), கருவில் கண் உருவாகும்போதே நேரும் அமைப்புக் கோளாறுகளைப் பதிவதற்கான எண்வரிசை. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பில் இவை 17ஆம் அத்தியாயத்தில், கியூ 10 முதல் கியூ 15 வரை உள்ளன. அதற்கு முந்தைய ஒன்பதாம் பதிப்பில் இவை அனைத்தும் 743 என்ற ஒரே தலைப்பில் அடங்கியிருந்தன.

இமை, கண்ணீர்ப் பாதை, கண்குழி ஆகியவற்றின் கோளாறுகள் கியூ 10இல் வரும். பிறவி இமைத் தொங்கல் கியூ 10.0. விழியே உருவாகாமை, சிறுவிழி, பெருவிழி ஆகியவை கியூ 11. லென்ஸ் கோளாறுகள் கியூ 12, கண்ணின் முன்பகுதி கியூ 13, பின்பகுதி கியூ 14. எஞ்சியவை கியூ 15, இதில் முக்கியமானது பிறவி கிளாக்கோமா (கியூ 15.0). அழுத்தத்தால் விழி பெருத்திருந்தாலும் அதைப் பெருவிழி (கியூ 11.3) என்று பதியக்கூடாது, கிளாக்கோமா என்றே பதிய வேண்டும்.

இந்த வரிசை உறுப்பின் பகுதிகளைப் பின்பற்றுகிறது, கோளாறு உருவான விதத்தை அல்ல. கொலபோமாவில் இது நன்றாகத் தெரியும். கருவின் கண்ணில் கீழ்ப்புறமாக ஓடும் பிளவு ஏழாம் வார அளவில் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால், கதிராளியிலிருந்து பார்வை நரம்பு முகப்பு வரை எங்கு வேண்டுமானாலும் இடைவெளி எஞ்சும். குறை ஒன்றே, குறியீடோ கதிராளியில் கியூ 13.0, லென்ஸில் கியூ 12.2, நரம்பு முகப்பில் கியூ 14.2 என்று சிதறிவிடுகிறது. கேஸ் ஷீட்டில் இடம் குறிப்பிடாமல் 'கொலபோமா' என்று மட்டும் எழுதியிருந்தால், விதிப்படி அது கியூ 13.0 ஆகிவிடும். பார்வையை அதிகம் பாதிக்கும் பின்பகுதிக் கொலபோமா இப்படிக் கதிராளிக் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். மருத்துவர் ஒரு சொல் கூடுதலாக எழுதினால் தீரும் சிக்கல் இது.

பிறக்கும்போதே இருப்பதெல்லாம் கியூ வரிசைக்குள் வந்துவிடாது. கண் அல்பினிசம் வளர்சிதைக் கோளாறாக இ 70.3இலும், பிறவிக் கண்ணாட்டம் எச் 55இலும், விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமா சி 69.2இலும் இடம்பெறுகின்றன. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் பிறந்தபின் வளர்வது என்பதால் எச் 35.1.

கண்புரையில்தான் குழப்பம் அதிகம். கருவிலேயே ஏற்பட்டது கியூ 12.0, பிறந்தபின் சிறுவயதில் தோன்றியது எச் 26.0. மாதங்கள் கழித்து மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் புரை எப்போது தொடங்கியது என்று லென்ஸைப் பார்த்து மட்டும் எப்போதும் சொல்லிவிட முடியாது. பெற்றோர் தரும் விவரமே பெரிதும் துணை. தாய்க்கு வந்த ரூபெல்லா காரணமென்றால், பிறவி ரூபெல்லா நோய்த்தொகுதிக்கு பி 35.0 தனியாக உண்டு. இந்தத் தொடர்பை 1941இல் முதலில் கவனித்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். புரைக்குரிய எண்ணை மட்டும் எழுதி பி 35.0ஐ விட்டுவிட்டால், தடுப்பூசியால் தவிர்த்திருக்கக்கூடிய நோய் புள்ளிவிவரத்தில் வெறும் புரையாக மறைந்துவிடும்.

அமெரிக்காவில் 2015 முதல் நடப்பிலுள்ள விரிவாக்கப் பதிப்பில் எச் வரிசைக் கண்நோய்கள் பலவற்றுக்கு இடம், வலம் குறிக்கும் இலக்கம் உண்டு. கியூ வரிசைக் கண் குறைபாடுகளுக்கு இல்லை. ஒரு கண்ணில் புரையா, இரண்டிலுமா என்பது சிகிச்சைக்கும் காரணம் தேடவும் இன்றியமையாத தகவல் என்பதால் இது பெரிய குறைதான். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் பிறவிக் கண் குறைபாடுகள் எல்ஏ 10இலிருந்து தொடங்குகின்றன. வலக்கண், இடக்கண், இருகண் என்பதை முதன்மைக் குறியீட்டுடன் துணைக் குறியீடாகச் சேர்த்து எழுதலாம்.