பெயர் பெற்ற ஓர் இரவு

அயர்லாந்தின் வானிலைத் துறை 2015 முதல் புயல்களுக்கு முன்கூட்டியே பெயர் வைத்துவருகிறது. 2025 ஜனவரியில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டிய புயல், ‘எயோவின்’ என்ற பெயரோடுதான் கரையேறியது. 1839 ஜனவரி 6 அன்று வந்த புயலுக்கு அப்படி எந்தப் பெயரும் இல்லை. உயிர்பிழைத்த சனங்கள் பிறகு ஐரிஷ் மொழியில் வைத்ததுதான் ‘ஈஹே நா கீஹே மோரே’. ஈஹே, இரவு. கீஹே, காற்றைக் குறிக்கும் சொல்லின் ஆறாம் வேற்றுமை வடிவம். மோரே, பெரிய; அந்த மொழியில் பெயரோடு சேர்ந்து அடைமொழியும் வேற்றுமைக்கு ஏற்ப மாறும். பெருங்காற்றின் இரவு.

கவனியுங்கள், இந்தப் பெயரில் தலைமைச்சொல் காற்று அல்ல, இரவு. அது பொருத்தம் என்றே நினைக்கிறேன். அன்று ‘பெண்களின் கிறிஸ்துமஸ்’ என்று கொண்டாடப்படும் திருநாள். முந்தின நாள் பனி பெய்திருந்தது. அன்று பகலிலோ இயல்புக்கு மாறான வெதுவெதுப்பு, காற்றே இல்லை. ஒரு மைலுக்கு அப்பாலிருந்த பண்ணைவீட்டுப் பேச்சுக்குரல்கூடக் கேட்டதாம். இருட்டிய பிறகுதான் புயல் முழு வேகம் கொண்டது. கூரைகள் பறந்தன. அடுப்புக் கங்குகள் சிதறி, காற்றில் தப்பிய கூரைகளையும் எரித்தன. கூரை வைக்கோலுக்குள் செருகிவைத்த சேமிப்புப் பணமும் போயிற்று. கடலில் கப்பல்கள் உடைந்து மாலுமிகள் மூழ்கினார்கள். நிலத்திலும் நீரிலுமாக 250 முதல் 300 பேர்வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. கடற்கரையிலிருந்து பல மைல் உள்ளே இருந்த வேலிச்செடிகளில் உப்பு படிந்திருந்தது. இழந்தது என்னென்ன என்று விடிந்த பிறகே தெரிந்தது.

ஆங்கிலத்தில் இது ‘பிக் விண்ட்’ ஆனது. அங்கே பெயர் கொஞ்சம் நழுவியது. 1903 பிப்ரவரியில் டப்ளினில் மரங்களைச் சாய்த்த புயலையும் அப்படியே சொன்னார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலில் வருவது அந்தப் புயல்தான்.

பெயரைப் பழைய இரவிடமே மீட்டுக் கொடுத்தது ஓர் அரசுத் திட்டம். 1909 ஜனவரியில், 70 வயதானவர்களுக்கு வாரத்துக்கு 5 ஷில்லிங் வரை முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு வந்ததே 1864-இல்தான். ஆகவே அந்த வயதுக்காரர்கள் பலரிடம் சான்றிதழ் இல்லை. அதிகாரிகள் கேட்ட கேள்வி: பெருங்காற்றின் இரவு நினைவிருக்கிறதா? அன்றைக்கே உருளைக்கிழங்கைக் கையில் பிடித்துத் தின்னும் வயது எனக்கு என்று கிழவர்களும் கிழவிகளும் பதில் சொன்னார்கள். அதை வயதுச் சான்றாக ஏற்று ஓய்வூதியம் கொடுத்தார்கள்.