பாரி என்ற நாய்

எங்கள் ஊரில் அதற்கு அல்சேஷன் என்று பெயர். ஒழுங்கை முடிவில் இருந்த அப்புக்காத்து வீட்டுக் கேற்றில் 'நாய் கவனம்' என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் அந்த மதிலைக் கடக்கும்வரை பேச்சை நிறுத்திவிடுவோம். எங்கள் வீட்டிலும் ஒரு நாய் நின்றது. வீமன் என்று பெயர், வெறும் ஊர்நாய். படலையடியில் படுத்திருந்து தெரியாத ஆட்களைக் கண்டால் குரைக்கும். 'பேசாமல் கிட' என்று அம்மா ஒரு சத்தம் போட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிடும். அல்சேஷன் கடிக்கப் பிறந்தது, ஊர்நாய் குரைக்கப் பிறந்தது என்பது எங்கள் நம்பிக்கை.

ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் அல்சேஷன் என்ற பெயரை இங்கே ஒருவரும் வழங்குவதில்லை என்று தெரிந்தது. முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியின் பெயரைச் சொல்லவும் விரும்பாத ஆங்கிலேயர், அந்த நாய்க்கு அல்சாஸ் பிரதேசத்தின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 1977இல்தான் பிரித்தானிய நாய் வளர்ப்போர் கழகம் பழைய பெயரை மறுபடி அனுமதித்தது. எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயன் வைத்த பெயர். இங்கே அதற்கு ஷேபர்ஹுண்ட் என்று பெயர். மேய்ப்பனின் நாய் என்று பொருள்.

நாங்கள் பயந்த நாய் ஆடு மேய்க்கப் பிறந்த நாய். அது வேலிக்கும் சிறைக்கும் காவல் நிற்க வந்த கதையை நான் சில வருடங்களாகத் தேடி வாசித்து வருகிறேன். நாய் வளர்க்கும் ஆசை எனக்கு இல்லை. கதைக்குள் இருந்த ஒரு கேள்வி எங்களையும் தொடுகிறது என்பதால்தான் வாசித்தேன்.

*

ஜேர்மனியின் பல பகுதிகளில் முன்னர் வயல்களுக்கு வேலி கிடையாது. அறுவடை முடிந்த தரையில் ஆடுகள் மேயும். பக்கத்திலேயே அடுத்தவனின் பயிர் நிற்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் உழவுசால் மட்டுமே. அந்தச் சாலில் நாய் காலை முதல் மாலை வரை மேலும் கீழும் நடக்கும். அதுதான் வேலி. ஆடு எல்லை தாண்டினால் ஓடிப்போய் மறிக்கும். மறித்தும் கேளாத ஆட்டைக் கவ்வவும் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் கழுத்து, விலா, தொடை ஆகிய மூன்று இடங்களில்தான் கவ்வலாம். கவ்விய உடனே விட்டுவிட வேண்டும், காயம் வரக்கூடாது. காயப்படுத்துகிற நாயை எந்த மேய்ப்பனும் வைத்திருக்க மாட்டான்.

ஓநாய் இரையைப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும், தின்னும். மேய்ப்பனின் நாயில் இந்தத் தொடரைக் கவ்வுதலோடு அறுத்து நிறுத்தியிருக்கிறார்கள். பல தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்துச் சோடி சேர்த்ததில் கிடைத்த பலன் அது. நாய்க்குள் இன்னொன்றும் இருக்கிறது. தன் குட்டி, தன் இடம், தன் மனிதர் என்று எதைக் கருதுகிறதோ அதற்கு ஆபத்து என்று பட்டால் எதிர்த்து நிற்கும். இது இரை தேடும் உந்துதல் அல்ல, பயத்திலிருந்து வருவது. பயிற்சி மைதானத்தில் தடித்த கைக்கவசத்தைக் கவ்வி இழுக்கும் நாய் பெரும்பாலும் விளையாடுகிறது. கவசம் கிடைத்ததும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு ஓடும். மூலைக்குள் அகப்பட்டு, போக வழியில்லாமல் கடிக்கும் நாய் நடுங்கிக்கொண்டு கடிக்கிறது. வெளியில் நின்று பார்க்கும் எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: கோபம், வெறி. நாயைப் பழக்குகிறவர்களோ இவை இரண்டையும் வேறு வேறாகவே கையாளுகிறார்கள்.

1899 ஏப்ரலில் காள்ஸ்றூ நகரில் நடந்த நாய்க் கண்காட்சியில் மக்ஸ் வொன் ஸ்ரெபானிற்ஸ் என்ற குதிரைப்படைக் கப்டன் ஒரு மேய்ப்புநாயைக் கண்டு அங்கேயே வாங்கினார். அதற்கு ஹோறாண்ட் என்று புதுப்பெயர் வைத்தார். அதே மாதம் ஒரு சங்கத்தையும் தொடங்கினார். இன்று ஷேபர்ஹுண்ட் என்று அறியப்படும் இனத்தின் பதிவேட்டில் முதற்பெயர் அந்த நாயுடையது. அழகு அவருக்கு முக்கியமில்லை. வேலை செய்ய வேண்டும், திடமான மனம் இருக்க வேண்டும் என்றார். ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கி, தொழிற்சாலை பெருகும் காலம் அது. ஆடில்லாத மேய்ப்புநாய்க்கு வேறு வேலை தேடவேண்டி வந்தது. அந்த வேலையைப் பொலிசும் இராணுவமும் கொடுத்தன.

கொன்றாட் மொஸ்ற் என்ற பொலிஸ் அதிகாரி 1910இல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு கைநூல் எழுதினார். அவருடைய முறைகள் கடுமையானவை. ஆனால் ஒன்றை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்: நன்மை தீமை என்ற எங்கள் கணக்கு நாயிடம் இல்லை. தான் செய்த காரியத்துக்கு உடனே என்ன கிடைத்தது என்பதை வைத்துத்தான் அது படிக்கிறது. கடித்ததும் தட்டிக் கொடுத்தால் கடிக்கப் படிக்கும். கடிக்காமல் நின்றதற்குத் தட்டிக் கொடுத்தால் நிற்கப் படிக்கும்.

முதலாம் உலகப் போரில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். அதே இனத்து நாய்கள், விழுந்து கிடக்கும் காயக்காரரைத் தேடிப்போய், கண்டதற்கு அடையாளமாகக் கழுத்தில் தொங்கும் சிறு துண்டை வாயில் கவ்விக்கொண்டு திரும்பின. 1916இல் ஓல்டன்பேர்க் நகரில், போரில் கண்ணிழந்த படையினருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க ஒரு பாடசாலை திறந்தார்கள். உழவுசாலில் நடந்த நாய் இப்போது குருடனின் கைப்பிடியில் நடந்தது. அந்தப் பாடசாலையைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்லவேண்டும்.

*

போலந்தில் நாஸிகள் அமைத்த திரெப்ளிங்கா என்ற கொலைமுகாமில், 1942க்கும் 1943க்கும் இடையில் குறைந்தது 7 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று பின்னர் நீதிமன்றம் கணித்தது. மிகப் பெரும்பாலோர் யூதர்கள். அங்கே குர்ட் பிரான்ஸ் என்ற அதிகாரி இருந்தான். சமையல் பழகியவன், முகாமின் உதவித் தளபதியாகவும், இறுதியில் தளபதியாகவும் உயர்ந்தவன். அவனோடு எப்போதும் ஒரு நாய் திரிந்தது. கன்றுக்குட்டியின் உயரம், கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, சென்ற் பேர்ணாட் இனக் கலப்பு. பெயர் பாரி.

தமிழருக்குப் பாரி என்றால் பறம்புமலை நினைவுக்கு வரும். சுவிற்சர்லாந்தில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு வேறொரு பாரியையும் தெரிந்திருக்கும். பனிமலைக் கணவாயில் துறவிகளின் மடத்தில் நின்று, பனியில் புதைந்த 40க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் நாய் அது. 1814இல் இறந்தது, பாடம் செய்த அதன் உடல் பேர்ண் நகர இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. காப்பாற்றிய நாயின் பெயரைத்தான் திரெப்ளிங்காவின் நாயும் சுமந்தது.

பிரான்ஸ் கைகாட்டியதும் பாரி கைதிகள்மேல் பாயும். அதன் உயரத்துக்கு இடுப்பும் அதற்குக் கீழேயும்தான் எட்டும். அங்கே கடித்துக் குதறும். ஏவும்போது பிரான்ஸ் பாவித்த வார்த்தைகளைத் தப்பிப் பிழைத்தவர்கள் மறக்கவில்லை. நாயை 'மனிதா' என்று கூப்பிட்டு, கைதியைக் காட்டி 'அந்த நாயைப் பிடி' என்பானாம்.

அதே முகாமில், பிரான்ஸ் இல்லாத நேரங்களில் பாரி சாதுவாகத் திரிந்தது. கைதிகள் தடவினாலும் சீண்டினாலும் பேசாமல் இருந்தது. முகாம் மூடப்பட்ட பின் ஓர் இராணுவ வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்து, ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் வாழ்ந்து, முதுமையடைந்து 1947இல் செத்தது.

1964 ஒக்ரோபரில் டுசல்டோர்ப் நகரில் திரெப்ளிங்கா வழக்குத் தொடங்கியபோது இது ஒரு சிக்கலாக வந்து நின்றது. நாய் குதறியது என்று ஒரு பக்கத்துச் சாட்சியம். அது குழந்தைபோலச் சாதுவான நாய் என்று இன்னொரு பக்கத்துச் சாட்சியம். இரண்டும் எப்படி உண்மையாகும்? யாரோ பொய் சொல்கிறார்களா? நீதிமன்றம் விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்றாட் லோறன்ஸிடம் அபிப்பிராயம் கேட்டது. மூர்க்கம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1963இல்தான் வெளிவந்திருந்தது. 1973இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இதே லோறன்ஸ் 1938இல் நாஸிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இரண்டு சாட்சியமும் உண்மையாக இருக்கலாம். நாய் தன் எசமானின் மனதைப் பிரதிபலிக்கும், அவன் வாய்விட்டுச் சொல்லாத எண்ணத்தையும்கூட. ஒரே நாய் ஒருவனருகில் ஆபத்தாகவும் மற்றவனருகில் அமைதியாகவும் இருக்க முடியும். புது எசமானோடு பிணைப்பு ஏற்பட்டால் அதன் குணமே மாறலாம்.

மன்று இதை ஏற்றுக்கொண்டது. நாயின் சாதுத்தனம் பிரான்ஸைக் காப்பாற்றும் என்று பார்த்தால், அது அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மேசைக்குக் கீழே அமைதியாகப் படுத்த நாய் முகாமில் குதறியதென்றால், குதறல் எங்கிருந்து வந்தது? 1965 செப்ரெம்பரில் அவனுக்கு ஆயுட்சிறை விதித்தார்கள். 1993இல் வெளியே விட்டார்கள், 1998இல் இறந்தான். 1959இல் கைதானபோது அவன் வீட்டில் ஒரு புகைப்பட அல்பம் அகப்பட்டது. அதற்கு அவன் இட்ட தலைப்பு 'இனிய காலங்கள்'. அதில் பாரியின் படமும் இருந்தது.

*

1984இல் நானும் பலரைப்போல ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பேர்லினைக் கடந்து, பிறீட்ரிக்ஸ்ராஸ நிலையத்தில் ரெயில் ஏறி மேற்குக்கு வந்தவன். (அடுத்த வருடமே தமிழருக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.) ரெயில் மதிலுக்கு மேலாகப் போனது. கீழே வெளிச்சம் பாய்ச்சிய மணல் தரை தெரிந்தது. அந்த எல்லையில் நாய்களும் காவல் நின்றன என்பதை அப்போது அறியவில்லை.

கிழக்கு ஜேர்மனியின் எல்லையில், நீளமாக இழுத்துக் கட்டிய ஓடுகம்பிகளில் சங்கிலி கோத்து ஆயிரக்கணக்கான நாய்களைக் கட்டியிருந்தார்கள். பல ஷேபர்ஹுண்டுகள், மற்றவை கண்டபடி சேர்த்த கலப்புகள். கம்பி போகும் தூரம்தான் அவற்றின் உலகம். உழவுசாலில் மேலும் கீழும் நடந்த நாய் கடைசியில் அங்கே வந்து நின்றது. ஆனால் உழவுசாலில் மேய்ப்பன் கூட நின்றான். இங்கே யாருமில்லை. 1989 நவம்பரில் மதில் திறந்தபின் இவற்றை என்ன செய்வது என்ற பிரச்சினை வந்தது. மனிதரைக் கிழிக்கப் பழக்கிய மிருகங்கள் என்று மேற்கில் பலர் பயந்தார்கள். விலங்குநலச் சங்கங்கள் எடுத்து வீடுகளுக்குக் கொடுத்தபோதுதான் அவற்றில் பல விசேட பயிற்சி எதுவும் பெறாதவை என்பது தெரிந்தது. குரைப்பதற்காக மட்டும் கட்டி வைத்த, மனிதத் தொடுகைக்கு ஏங்கிய பிராணிகள். மாரி-லூயிஸ ஷேறர் என்ற எழுத்தாளர் 1994இல் 'டெர் ஸ்பீகல்' சஞ்சிகையில் இந்த நாய் எல்லையைப் பற்றி நீண்ட கட்டுரையொன்று எழுதினார்.

பிறப்பில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவரவில்லை. சில நாய்கள் பயந்த மனதோடு பிறக்கின்றன. சில எதையும் துரத்தப் பிறக்கின்றன. ஆனால் பிறப்போடு வருவது உந்துதல் மட்டும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிக்கிறது ஒரு கை.

1995 ஒக்ரோபரில் வலிகாமம் வெறுமையானபோது, வீமனின் வழியில் வந்த நாயொன்று எங்கள் வீட்டில் நின்றது. அக்கா கூப்பிட்டும் படலையை விட்டு வரவில்லையாம். ஆறு மாதம் கழித்து அவர்கள் திரும்பிப் போனபோது, எலும்பும் தோலுமாக அதே இடத்தில் கிடந்ததாம். அக்காவைக் கண்டு முதலில் குரைத்தது, பிறகுதான் அடையாளம் கண்டது என்று எழுதியிருந்தா. ஏவ ஆளில்லாதபோது காவல் உணர்ச்சி என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் அது ஒன்றுதான்.

குர்ட் பிரான்ஸ் நாயை மனிதன் என்றும் மனிதனை நாய் என்றும் மாற்றிக் கூப்பிட்டதை வாசித்த இரவு எனக்கு எங்கள் மின்கம்பங்கள் ஞாபகத்துக்கு வந்தன. எண்பதுகளில் அவற்றில் கட்டப்பட்டுக் கிடந்தவர்களின் கழுத்தில் ஒரு மட்டை தொங்கும். 'துரோகி' என்றோ 'சமூகவிரோதி' என்றோ எழுதியிருக்கும். முதலில் பெயரை மாற்றினோம்; பிறகு சுட்டோம். அரசபடையும் எங்களுக்கு அப்படித்தான் ஒரு பெயர் வைத்திருந்தது. சுட்ட பெடியன்களில் ஓரிருவரைப் பின்னாளில் இந்த நாட்டிலும் கண்டிருக்கிறேன். உணவகத்தில் கோப்பை கழுவுகிறார்கள், பிள்ளையைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டி வருகிறார்கள், சாதுவான மனிதர்கள். கேட்டால் 'மேலிடத்து உத்தரவு' என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பாரிக்குப் பொருந்தும் பதில். மனிதன் சொன்னால் போதாது என்றுதான் டுசல்டோர்ப் மன்று தீர்த்தது.

ஓல்டன்பேர்க் பாடசாலையைப் பற்றி மறுபடி சொல்வதாக எழுதியிருந்தேன். குருடருக்கு வழிகாட்டும் நாய்க்கு இன்று கடைசியாகவும் மிகக் கடினமாகவும் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு: கட்டளையை மீறுவது. எசமான் 'நட' என்கிறான். எதிரே வாகனம் வருகிறது, அல்லது பள்ளம் இருக்கிறது. நாய் நடக்கக்கூடாது. போன மாதம் எங்கள் நகரத்து ட்ராம் தரிப்பிடத்தில் பார்த்தேன். ஒரு கிழவர் கைப்பிடியை முன்னே தள்ளி இரண்டு தடவை 'நட' என்றார். நாய் குறுக்கே நின்றுகொண்டு அசையவில்லை. ட்ராம் போனபிறகுதான் அடியெடுத்து வைத்தது. அவர் குனிந்து அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.