கரிசல் சேற்றில் வண்டி ஓடிய காலம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வண்டிக்காரருக்குக் கோடையில் வழிக்குப் பஞ்சமில்லை. காய்ந்த கரிசல் இறுகிக் கிடக்கும். வெடிப்பு பார்த்து ஓட்டினால் போதும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் கரிசலின் களி நீரை உறிஞ்சி உப்பிவிடும். இரும்புப் பட்டா போட்ட ஒடுங்கிய சக்கரம் அதை அறுத்துக்கொண்டு புதையும். ஆரக்கால்களுக்கிடையே சேறு அப்பிச் சக்கரம் சுழலாமல் இழுபடும். 

1876-ல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) வழியாகப் போனது. கிழக்கே இருந்த அருப்புக்கோட்டை விடுபட்டது. அவ்வூருக்கும் திருச்சுழிக்கும் ரயில் வந்தது 1963–64-ல்தான். லாரி வரும்வரை சரக்கு ரயிலடிக்குப் போய்வர மாட்டுவண்டியே பெருந்துணை. 

வண்டிகளை நம்பி வளர்ந்த அமைப்பு பேட்டை. நாடார் வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய ராமநாதபுரச் சீமையின் ஆறு ஊர்களில் அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் உண்டு. சுற்றுச்சுவர், கிணறு, மாடு கட்ட இடம், இரவில் சாத்தும் கதவு ஆகியவை கொண்ட அவர்களுடைய பேட்டைகள் கள்வர் பயத்துக்காக எழுந்தவை. மழையில் மாட்டிக்கொண்ட வண்டிக்கும் அவையே ஒதுங்கிடம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செலவுக்குச் சரக்கின் மீது மகமை என்ற பொதுவரி வசூலானது.

மழைக்கு முன் தளர்ந்த பட்டாவை இறுக்கி, கடையாணி பார்த்து, மாட்டுக்கு லாடம் அடிப்பார்கள். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மை அச்சுக்குப் போகும். வழியில் தேவைப்படும் மையை மூங்கில் குழாயில் நிரப்பி வண்டியிலேயே தொங்கவிடுவார்கள். அடியில் அரிக்கேன் விளக்கு ஆடும். மழைக்காலத்தில் பாரத்தைக் குறைத்தே ஏற்றுவார்கள். தனிவண்டி போகாது, ஒன்று புதைந்தால் அடுத்த வண்டியின் மாடுகளையும் சேர்த்துப் பூட்டி இழுக்கலாம். மானாவாரிப் பருத்தி ஐப்பசியில் விதைக்கப்பட்டு மாசிக்குப் பிறகே வெடித்ததால், பெரும்பாரம் நல்லவேளையாகக் காய்ந்த தடத்தில் போனது.

வழியில் குறுக்கிடும் குண்டாற்றில் மட்டும் எந்தத் தயாரிப்பும் பலிக்காது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, மேற்கே மழை பெய்தால் திடீரெனப் பெருகும். வெள்ளம் வடியும்வரை கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருப்பதுதான் ஒரே வழி.

சரள் கொட்டி மேடாக்கிய சாலைகள், பாலங்கள், அகலமான டயர் வண்டிகள் என மாற்றம் மெல்ல வந்தது. இன்று மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டுப் போகிறது. ஆனால் அதை விட்டிறங்கிக் காட்டுப்பாதையில் நுழையும் டிராக்டர், கார்த்திகை மழையில் ஈரம் உலரும்வரை நிற்கத்தான் செய்கிறது.