கால் அங்குல ஜாக்கும் பேஸ் ஆம்ப்ளிஃபயரும்

கால் அங்குல ஜாக் என்பது பேஸ் கிட்டார், மின் கிட்டார், கீபோர்டு போன்ற கருவிகளின் கேபிளை ஆம்ப்ளிஃபயரில் செருகும் துளை. இதன் விட்டம் 6.35 மில்லிமீட்டர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி நிலையங்களுக்காக உருவான இவ்வுறுப்பு, அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமின்றி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஆம்ப்ளிஃபயருக்குள் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. அதன் பின் சில்லுகள் வந்தன. உள்ளீட்டுத் துளை மட்டும் மாறவில்லை. அதில் ஏற்படும் பழுதும் மாறவில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளின் கல்யாண மண்டப மேடையிலும் கல்லூரி அரங்கிலும் பேஸ் ஒலி வந்து வந்து மறையும்போது, கோளாறு பல வேளைகளில் இந்தத் துளையில்தான் இருக்கும்.

தொலைபேசி நிலையத்தில்

கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். இரண்டே ஆண்டுகளில், 1878 ஜனவரி 28 அன்று, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. சந்தாதாரர்கள் பெருகியபோது, ஒருவரின் கம்பியை இன்னொருவரின் கம்பியுடன் நொடியில் இணைக்கவும் பிரிக்கவும் ஓர் உறுப்பு தேவைப்பட்டது. மடக்குக் கத்தியைப் போன்ற தோற்றத்தால் 'ஜாக்-நைஃப்' என்று அழைக்கப்பட்ட இணைப்பி அதற்காக உருவானது. கத்தி உதிர்ந்து 'ஜாக்' மட்டும் பெயராக நின்றது.

இந்தியாவில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு 1881-இல் உரிமம் வழங்கப்பட்டது. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிலையங்கள் தொடங்கின. இணைப்பை ஆபரேட்டர் கையால் கொடுக்கும் முறை உள்ளூர் அழைப்புகளில் படிப்படியாக மறைந்தாலும், வெளியூருக்கு 'டிரங்க் கால்' பதிவு செய்து காத்திருந்த காலம் வரை நீடித்தது. நாட்டின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-இல்தான் வந்தது.

ஜாக்கின் அமைப்பு எளியது. பிளக்கின் நுனி ஒரு மின்முனை, உறை மற்றொரு மின்முனை. தேவைப்பட்டால் நடுவில் ஒரு வளையம் மூன்றாவது முனையாக அமையும். துளைக்குள் வளைந்த உலோகப் பட்டை ஒன்று சுருள்வில்லைப் போல நுனியை அழுத்திப் பிடிக்கும். பிளக் நுழையும்போது அப்பட்டை விலகி, அதுவரை தொட்டுக்கொண்டிருந்த இன்னொரு தொடுமுனையை விட்டுப் பிரியும்படியும் செய்யலாம். தொலைபேசி நிலையத்தில் பிளக் நுழைந்ததும் ஒரு மின்சுற்றைத் துண்டித்து மற்றொன்றை இணைக்க இது உதவியது. ஆம்ப்ளிஃபயர் தயாரிப்பாளர்கள் இந்த வசதியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர். பழுதுகளில் கணிசமானவை அதனால் வந்தவை.

வானொலிக் கடையிலிருந்து மேடைக்கு

லியோ ஃபெண்டர் 1938-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை தொடங்கியவர். 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரையும், 1952-இல் அதற்கென பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்தார். தொலைபேசித் துறையில் பரவலாக இருந்ததால் ஜாக்குகள் மலிவாகவும் எளிதாகவும் கிடைத்தன. இசைக்கென்று புதிய இணைப்பி ஒன்றை வடிவமைக்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களில் பரவலான உள்ளீட்டுச் சுற்றில் இரண்டு துளைகள் இருக்கும். முதல் துளையில் பிளக் இல்லாதபோது அதன் தொடுமுனை உள்ளீட்டைத் தரையுடன் இணைத்து இரைச்சலை அடக்கும். இரண்டாம் துளையில் மட்டும் செருகினால், இதே தொடுமுனையின் வழியே சமிக்ஞை பாதியாகக் குறையும். ஒரு சிறு உலோகத் தொடுப்பிடம் இரண்டு வேலை செய்வது சிக்கனமான வடிவமைப்புத்தான். ஆனால் அந்தத் தொடுப்பில் அழுக்கேறினால் இரண்டு வேலையும் கெடும்.

சென்னையின் தென்புறம்

சென்னையில் மேற்கத்திய இசைக்கருவிகளின் வணிகம் பழமையானது. இன்று அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் என்ற பெயரில் இயங்கும் கடை, 1842-இல் மிஸ்க்வித் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. தென்புறத்தில் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்களிடம் கிட்டாரும் நடன இசையும் வழக்கத்தில் இருந்தன. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அக்கல்லூரியின் 'டீப்வுட்ஸ்' விழாவும், 'மார்டி கிரா' என்ற பெயரில் தொடங்கி 'சாரங்' ஆன சென்னை ஐ.ஐ.டி. விழாவும் மாணவர் இசைக்குழுக்களுக்கு மேடையாயின.

தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார் தனித்துக் கேட்கும் குரலாக மாறியதில் 1976-இல் 'அன்னக்கிளி'யுடன் அறிமுகமான இளையராஜாவுக்குப் பெரும்பங்கு உண்டு. அவருடைய குழுவில் சசிதரனும், பின்னர் ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸும் பேஸ் வாசித்துப் புகழ்பெற்றனர். அப்பாடல்களை மேடையில் வாசிக்க வேண்டியிருந்த மெல்லிசைக் குழுக்களுக்கு பேஸ் ஆம்ப்ளிஃபயர் தவிர்க்க முடியாததாயிற்று. 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கவரியும் கடுமையாக இருந்தன. வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் கெட்டால் புதியது வாங்குவது எளிதல்ல. வானொலி மெக்கானிக்கே பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கும் மருத்துவர். உதிரி உறுப்புகளுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருந்தது, இன்றும் இருக்கிறது.

பேஸுக்கு மட்டும் கூடுதல் தொல்லை

ஜாக்கின் உறை முனை தளர்ந்தால் கேபிளின் கவசம் பயனற்றுப்போகும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் உள்ளே புகும். சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். அதன் ஒலிபெருக்கி 50 ஹெர்ட்ஸை வலுவாக வெளியிடாது. பேஸின் தாழ்ந்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ். அதே தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். ரீங்காரம் இசையின் நடுவிலேயே உட்கார்ந்துகொள்கிறது. அதை வடிகட்டினால் சுரமும் போய்விடும்.

இரண்டாவது காரணம் அதிர்வு. ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில் இருக்கும் வகைகளில், தாழ்ந்த ஒலியின் அதிர்வே ஜாக்கின் நட்டைத் தளர்த்தும். நட்டு தளர்ந்தால் ஒவ்வொரு முறை செருகும்போதும் ஜாக் முழுதும் சுழலும். பின்புறக் கம்பிகள் முறுக்கப்பட்டுச் சால்டர் விரிசல் விடும். சென்னையின் ஈரப்பதம் மூன்றாவது காரணம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மூடிக் கிடந்த பெட்டி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நிகழ்ச்சிகளுக்காக வெளியே வரும்போது தொடுமுனைகளில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருக்கும்.

கண்டறியும் முறை

அனுபவமுள்ள மெக்கானிக் ஆம்ப்ளிஃபயரை உடனே திறப்பதில்லை. முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பார், பிறகு கிட்டாரை. பேட்டரியில் இயங்கும் பேஸ்களில் ஒரு சூட்சுமம் உண்டு. அவற்றின் ஜாக்கில் உள்ள வளைய முனையே 9 வோல்ட் பேட்டரியின் சுவிட்ச். கேபிளைக் கழற்றாமல் வைத்தால் இரவெல்லாம் பேட்டரி தீரும். மறுநாள் ஒலி சிதைந்து வரும். பழி ஆம்ப்ளிஃபயரின் மேல் விழும்.

கிட்டாரும் கேபிளும் சரியாக இருந்தால், பிளக்கை மெல்ல அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று பார்க்கப்படும். இரண்டாம் துளையில் ஒலி சீராக வந்தால் பழுது முதல் துளையில்தான். எஃபெக்ட் கருவிகளுக்கென 'சென்ட்', 'ரிட்டர்ன்' துளைகள் உள்ள ஆம்ப்ளிஃபயரில், அவ்விரண்டையும் ஒரு சிறு கேபிளால் இணைத்ததும் ஒலி திரும்பினால், பழுது உள்ளீட்டில் இல்லை. ரிட்டர்ன் துளையின் தொடுமுனையில் இருக்கிறது. இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல உள்ளீட்டு ஜாக்குகள் பல கழற்றி வீசப்படுகின்றன.

திறக்க வேண்டி வந்தால் எச்சரிக்கை தேவை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் மின்தேக்கிகளில், மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். இதனினும் பரவலான ஆபத்து தற்காலிகப் பந்தல்களில் எர்த் இல்லாத மூன்று பின் பிளக். கேபிளின் உறை முனை வாசிப்பவரின் தந்திகளை ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலுடன் இணைக்கிறது. அதில் மின்கசிவு இருந்தால், வேறொரு இணைப்பில் எர்த் ஆன மைக்கை அவர் தொடும்போது மின்சாரம் உடலின் வழியே பாயும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார்.

பழுது ஆக்சைடு படலமாக இருந்தால், தொடுமுனைக்கான சுத்திகரிப்புத் திரவம் தெளித்துப் பிளக்கைச் சிலமுறை செருகி எடுத்தால் போதும். உப்புத்தாள் தேய்ப்பது தவறு. நிக்கல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே துரு ஏறும். பட்டை தளர்ந்திருந்தால் சற்றே உள்நோக்கி வளைக்கலாம். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ஜாக் உலோகச் சட்டத்தில் நட்டால் பொருத்தப்பட்டுக் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. இரண்டு மூன்று சால்டர் புள்ளிகளில் மாற்றிவிடலாம். பின்னர் பரவிய பிளாஸ்டிக் ஜாக்குகள் நேரடியாகச் சர்க்யூட் பலகையில் பற்றவைக்கப்படுகின்றன. பிளக்கின் மேல் விழும் இழுப்பு முழுவதையும் பலகையின் மெல்லிய தாமிரத் தடம் தாங்க வேண்டும். தடம் கிழிந்தால் பலகையையே கழற்ற வேண்டும். சர்வீஸ் மையங்கள் பலகையை மாற்றச் சொல்வதும் உண்டு. கிழிந்த தடத்தின் மேல் சிறு கம்பியைப் பற்றவைத்து, சட்டத்தில் பொருத்தும் பழைய வகை ஜாக்கைப் போட்டுவிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழி. அதுவே நீண்டநாள் உழைக்கிறது.

ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செல்லும் இணைப்பில் கால் அங்குல ஜாக்கின் ஆதிக்கம் குறைந்துவிட்டது. லிக்டன்ஸ்டைன் நாட்டு நியூட்ரிக் நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த, முறுக்கிப் பூட்டும் ஸ்பீக்கான் இணைப்பி பல பேஸ் ஆம்ப்ளிஃபயர்களில் அந்த இடத்தைப் பிடித்தது. உள்ளீட்டில் அது நடக்கவில்லை. கேபிளே வேண்டாம் என்று வயர்லெஸ் கருவி வாங்கியவரின் ரிசீவரிலிருந்தும் ஒரு சிறு கேபிள் புறப்பட்டு இதே 6.35 மில்லிமீட்டர் துளைக்குள்தான் நுழைகிறது.