சிட்காம் உருவான கதைகள்: தொலைக்காட்சிப் படங்களும் விமர்சகர்களும்

மக்கள் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்த ஒரு தொடர் எப்படி உருவானது, கேமரா அணைந்ததும் அதன் நடிகர்கள் எப்படி முட்டிக்கொண்டார்கள் என்பதையே கதையாக்கி, வேறு நடிகர்களை வைத்து எடுக்கும் தொலைக்காட்சிப் படங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. விமர்சகர்கள் இவற்றை மதித்தது குறைவு. பொருந்தாத விக், ஒட்டாத குரல், ஊருக்கே தெரிந்த வம்பு என்று மூன்று வரியில் முடிந்துபோன மதிப்புரைகளே அதிகம். பாராட்டும் விருதுப் பரிந்துரையும் பெற்ற படங்களும் உண்டு. ஆனால் பாராட்டு வாங்கிய படம் நடந்ததை நடந்தபடி சொன்னது என்று நம்பிவிட முடியாது.

1951இல் சிபிஎஸ்ஸில் தொடங்கிய 'ஐ லவ் லூசி'தான் இந்த வகைக்கு வற்றாத சுரங்கம். லூசில் பால் 1989இல் இறந்தார். 1991லேயே 'லூசி அண்ட் டேசி: பிஃபோர் த லாஃப்டர்' அதே சிபிஎஸ்ஸில் வந்துவிட்டது. தொடர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளையும், அவருக்கும் கணவர் டேசி ஆர்னாஸுக்கும் இருந்த காதலையும் சண்டையையும் படம் காட்டியது. மகள் லூசி ஆர்னாஸுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டில் இருந்த பழைய படச்சுருள்களைத் தொகுத்து 1993இல் 'லூசி அண்ட் டேசி: எ ஹோம் மூவி' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். அதற்கு எம்மி விருது கிடைத்தது. பெற்றோரைப் பற்றிய ஒரு சினிமாவுக்கு இதைவிடக் காரமான விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்க முடியாது. 2003இல் ரேச்சல் யார்க், டேனி பினோ நடிப்பில் 'லூசி' என்ற இன்னொரு படமும் வந்தது.

2000க்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் இதை ஒரு தொழிலாகவே நடத்தின. தொடக்கத்தில் வந்த 'குரோயிங் அப் பிராடி' (என்பிசி, 2000) ஓரளவு கருணையோடு வரவேற்கப்பட்டது. 'த பிராடி பஞ்ச்' தொடரில் மூத்த மகனாக நடித்த பாரி வில்லியம்ஸின் நினைவுநூல்தான் அதற்கு மூலம். அப்பாவாக நடித்த ராபர்ட் ரீட், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பயின்றவர். அசட்டுத்தனமான காட்சி எழுதப்பட்டால் தயாரிப்பாளர் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸுக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு அனுப்புவார். தலைக்குத் தடவிய தைலத்தால் மகனின் முடி ஆரஞ்சு நிறமாகிறது என்பது தொடரின் கடைசி அத்தியாயக் கதை. அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்று வாதாடி, அந்த அத்தியாயத்தில் நடிக்கவே மறுத்துவிட்டார். படம் காட்டும் பிள்ளை நடிகர்களின் காதல் விளையாட்டுகளைவிட இந்தக் கோபக்கார நடிகரின் கதைதான் சுவையானது. முழுப் படத்தையும் அவரை வைத்தே எடுத்திருக்கலாம்.

'சர்வைவிங் கில்லிகன்ஸ் ஐலண்ட்' (2001) வேறு வழியில் போனது. தொடரின் நடிகர்களான பாப் டென்வர், டான் வெல்ஸ், ரஸ்ஸல் ஜான்சன் மூவரும் நடுநடுவே தோன்றி, தாங்களே கதை சொன்னார்கள்.

2003இல் என்பிசி ஒளிபரப்பிய 'பிஹைண்ட் த கேமரா' படம், 'த்ரீஸ் கம்பெனி' தொடரின் உடைவைச் சொன்னது. கிறிஸியாக நடித்த சுசான் சோமர்ஸ் 1980இல் ஓர் அத்தியாயத்துக்கு 30,000 டாலரிலிருந்து 1,50,000 டாலராகச் சம்பளத்தை உயர்த்தக் கேட்டார். ஏபிசி மறுத்தது. அதன்பின் அந்தப் பருவம் முழுவதும் அவருக்குக் கிடைத்தது, ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் ஒரு நிமிடக் காட்சி மட்டும்; அதையும் மற்றவர்கள் இல்லாதபோது தனியாக எடுத்தார்கள். படத்தைத் தொகுத்து வழங்கியவரும் தயாரிப்பில் பங்கெடுத்தவரும் ஜாய்ஸ் டெவிட். சோமர்ஸோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டிருந்த அதே சக நடிகைதான். ஒரு தரப்பு எழுதிய தீர்ப்பு இது என்ற சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. இந்த வரிசையில் 'மார்க் அண்ட் மிண்டி' (2005), 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்' (2006) தொடர்களும் படமாயின.

லைஃப்டைம் அலைவரிசை 2014இல் 'சேவ்ட் பை த பெல்' பற்றியும், அடுத்த ஆண்டு 'ஃபுல் ஹவுஸ்' பற்றியும் எடுத்த 'அனுமதியற்ற கதை'கள்தான் அதிகம் அடி வாங்கியவை. காரணம் வேடிக்கையானது: வம்பு போதவில்லை. 'சேவ்ட் பை த பெல்' நடிகர் டஸ்டின் டயமண்ட் 2009இல் வெளியிட்ட நூலில் இருந்த பரபரப்பை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்குச் சப்பென்ற பள்ளிக்கூடக் கதைதான் கிடைத்தது. அந்த நூலில் பெரும்பகுதி தனக்காக எழுதிக்கொடுத்தவரின் கற்பனை என்று டயமண்டே பின்னர் சொல்லிவிட்டார். பார்வையாளருக்கு மனப்பாடமான காட்சிகளைத் தொடரின் உரிமை இல்லாமல் அப்படியே திரும்ப எடுப்பதும் எளிதல்ல. பிறகு மிஞ்சுவது விக் மட்டுமே.

பிரிட்டனில் நிலவரம் வேறு. அங்கே இவற்றை எடுத்ததே பெரும்பாலும் பிபிசிதான். தன் வீட்டுக் கதையைத் தானே சொன்னது. 2008 மார்ச்சில் பிபிசி ஃபோர் ஒளிபரப்பிய 'த கர்ஸ் ஆஃப் ஸ்டெப்டோ' இந்த வகையின் உச்சம், அதே சமயம் பெரிய சர்ச்சையும்கூட. மூலத்தொடரான 'ஸ்டெப்டோ அண்ட் சன்' 1962இல் தொடங்கியது. குதிரைவண்டியில் தெருத்தெருவாகப் பழைய சாமான் சேகரிக்கும் அப்பனும், அவரை விட்டு ஓடவும் முடியாமல் ஒட்டவும் முடியாமல் தவிக்கும் மகனும்தான் கதை. பிரையன் ஃபில்லிஸ் எழுதிய படம், அந்தத் தவிப்பை நடிகர்களின் வாழ்க்கைமீதே ஏற்றியது. ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவில் பெயரெடுத்து, மகனாக நடித்த ஹாரி எச். கார்பெட் ஒரே வேடத்தில் சிறைப்பட்டார். அப்பனாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல்லும் அவரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள் என்றது படம். இவர்களாக நடித்த ஜேசன் ஐசக்ஸ், ஃபில் டேவிஸ் இருவரின் நடிப்பும் வெகுவாகப் பாராட்டப்பட்டது. ஐசக்ஸ் பாஃப்டாவுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். சிறிய அலைவரிசையான பிபிசி ஃபோருக்கு அதுவரை இல்லாத அளவு பார்வையாளர்கள் கிடைத்தார்கள்.

தொடரை எழுதிய ரே கால்டனும் ஆலன் சிம்ப்சனும் ஒத்துக்கொள்ளவில்லை. படம் காட்டிய அளவு பகையைத் தாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். கார்பெட்டின் குடும்பத்தார் காலவரிசை புரட்டப்பட்டிருப்பதாகப் புகார் செய்ய, துல்லியம் பற்றிய குறையைப் பிபிசியின் விசாரணை ஏற்றுக்கொண்டது. மகள் சுசானா கார்பெட் 2012இல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றையே எழுதி வெளியிட்டார். விமர்சகர்கள் மெச்சிய அந்தக் கச்சிதமான சோகமே குடும்பத்துக்கு அநியாயமாகப் பட்டது.

'வி ஆர் டூம்ட்! த டாட்ஸ் ஆர்மி ஸ்டோரி' (பிபிசி டூ, 2015) யாரையும் தோலுரிக்கவில்லை. 'டாட்ஸ் ஆர்மி' தொடரை எழுதிய ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும், போர்க்கால ஊர்க்காவல் படையைக் கேலி செய்யலாமா என்று தயங்கிய மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டிய கதை அது. தொடரின் நடிகர் ஆர்தர் லோவாக ஜான் செஷன்ஸ் நடித்தார். முன்னோட்டம் பார்த்தவர்களின் சாதகமற்ற அறிக்கையை மேசைத் தட்டின் அடியில் செருகி மறைத்ததாகக் கிராஃப்ட் பிற்காலத்தில் சொன்னதுண்டு. இப்படிப்பட்ட அலுவலகத் தந்திரங்களும் நடிகர் தேர்வின் இழுபறியும் படுக்கையறை ரகசியங்களைவிட நன்றாகவே எடுபடும். மென்மையானது, சிறியது என்று சொன்னவர்களும் படத்தை அன்போடுதான் வரவேற்றார்கள்.

2021இல் இயக்குநர் ஆரன் சோர்கின் 'பீயிங் த ரிக்கார்டோஸ்' மூலம் மறுபடி லூசியிடம் வந்தார். தொலைக்காட்சிப் படம் அல்ல. திரையரங்கில் தலைகாட்டிவிட்டு அமேசான் பிரைமுக்குப் போனது. இம்முறை மகள் லூசி ஆர்னாஸ் ஆதரவாக நின்றார். 1952இன் கர்ப்பச் செய்தியையும் 1953இன் கம்யூனிஸ்ட் குற்றச்சாட்டையும் ஒரே வாரத்துக்குள் திணித்தது பற்றி முணுமுணுப்பு எழுந்தது. லூசி சிரிக்கவைப்பதையே படத்தில் அதிகம் காணோம் என்ற குறையும் சொல்லப்பட்டது. நிக்கோல் கிட்மன், ஹாவியர் பார்டெம், ஜே. கே. சிம்மன்ஸ் மூவரும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். அமெரிக்காவின் மிகச் சிறந்த நகைச்சுவை நடிகையாக நடித்த கிட்மனுக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது நாடகப் பிரிவில்.