டைனமோவும் செய்தியும்

இலங்கை வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நிலையத்தின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். எந்த ஆண்டில் எந்தச் சேவை, எந்த அறிவிப்பாளர், எந்த நாடகம் என்ற வரிசை நமக்குக் கிடைக்கிறது. ஒலிபரப்பைப் பெற்ற பெட்டி எதனால் இயங்கியது, அதற்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வந்தது, அது பேசாதொழிந்த வேளையில் அதனைத் திறந்து பார்த்தவர் யார் என்பன கேட்கப்படுவதில்லை. மின்கம்பம் எட்டாத ஊர்களில் வாழ்ந்த மக்களுக்கோ இவையே முதற் கேள்விகள்.

நிலையத்தின் தோற்றமே ஒரு கைவேலையாக இருந்தது. 1921இல் தந்தித் துறையின் தலைமைப் பொறியியலாளராக இலங்கைக்கு வந்த எட்வேர்ட் ஹாப்பர், முதல் உலகப்போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பியை உருவாக்க முனைந்தார். பிரித்தானியரும் இலங்கையருமான பொறியியலாளர் அவ்வேலையில் ஈடுபட்டனர். மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறையொன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் ஒலிபரப்பாயின. 1925 டிசம்பர் 16இல் முறையான சேவை தொடங்கியது, பி.பி.சி. பிறந்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னாளில் ஆசியா முழுதும் புகழ்பெற்ற ஒரு நிலையம் பழைய உதிரிகளிலிருந்து பிறந்தது என்பதை நம் மாணவர் அறிவது நல்லது.

அக்காலப் பெட்டிகளுள் எளியவர்க்கு ஏற்றது படிகப் பெட்டி. ஒரு நீண்ட கம்பி, ஒரு கம்பிச் சுருள், கலீனா எனும் ஈயத்தாதுப் படிகம், அதனை மெல்லத் தொட்டுநிற்கும் ஊசிக் கம்பி, காதுக் கருவி ஆகியன போதும். பற்றறி வேண்டியதில்லை, வந்து சேரும் அலையின் ஆற்றலே ஒலியாகும். கலீனாவை இவ்வாறு பயன்படுத்தும் கருவிக்கு 1904இல் அமெரிக்க உரிமம் பெற்றவர் வங்காளத்து விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். 1944இல் இத்தாலியின் அன்சியோ முனையிற் கிடந்த அமெரிக்கப் படைவீரர், படிகத்துக்குப் பதிலாகச் சவர அலகையே வைத்துப் பாட்டுக் கேட்டனர். எனினும் அதன் குரல் மெலிது. ஒருவர் காதுக்கு மட்டுமே அது எட்டும்.

வீடு முழுதும் கேட்க வால்வுப் பெட்டி வேண்டும். மின்சாரமில்லாத வீட்டில் வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பற்றறியும், 90 வோல்ற் அளவான உயர் அழுத்தப் பற்றறி வேறொன்றும் வேண்டும். பெட்டியை ஒருமுறை வாங்கியவர் அதன் உணவை வாழ்நாள் முழுதும் வாங்க வேண்டியவரானார். தேநீர்க் கடையிலும் வாசிகசாலையிலும் பலர் கூடிக் கேட்ட வழக்கத்துக்குச் சமூக உணர்வு மட்டுமன்றி இந்தச் செலவும் காரணம். 1947இற் கண்டுபிடிக்கப்பட்ட ட்ரான்சிஸ்ரர் 1954இற் சட்டைப்பையில் அடங்கும் பெட்டியாகக் கடைக்கு வந்தது. அதன் பின்னர் சில ரோச் பற்றறிகளே போதுமாயின. அவையும் தீர்ந்துபோவன.

தீர்ந்த பற்றறியைத் தூக்கி எறியாத பழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது. வெயிலிற் காயவைத்தனர், ஆணியால் துளையிட்டு உப்புநீர் ஊற்றினர். படித்தவர் இதனை மூடநம்பிக்கை என்று நகைத்ததுமுண்டு. நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. நாகத் தகரக் குவளையின் நடுவே கரிக்கோல், இடையே மங்கனீசு ஈரொட்சைட்டும் உப்புப் பசையும் என்பதே அப்பற்றறியின் அமைப்பு. பசை காய்ந்தால் மின்னோட்டம் தடைப்படும். உப்புநீர் அத்தடையைச் சிறிது காலம் நீக்கும். சூடும் ஓய்வும் உள்ளிருக்கும் வேதிவினைக்குச் சற்றே உயிரூட்டும். நாகம் முற்றாகத் தேய்ந்துவிட்டால் எதுவும் உதவாது. இதைச் செய்த மக்கள் வேதியியற் சமன்பாட்டை எழுதியிருக்கமாட்டார்கள். எந்தப் பற்றறிக்குச் செய்யலாம், எதற்குச் செய்து பயனில்லை என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த அறிவு கடும் சோதனைக்குள்ளானது. மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. வெடிபொருள்களுக்குப் பயன்படும் என்பது அரசு கூறிய காரணம். மண்ணெண்ணெய் அருமையானதால் ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியும் வைத்து விளக்கேற்றினர். ஆனால் இருளைவிடச் செய்தியின்மை கொடிது. எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது, பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதை அறியாமல் வாழ இயலாது. உள்ளூரிற் பேசப்பட்டதற்கு அப்பால் ஒரு குரலைக் கேட்கச் சிற்றலை வானொலியே கதி. இலண்டனிலிருந்து தமிழோசையும், பிலிப்பைன்ஸிலிருந்து வெரித்தாஸும் வந்துகொண்டுதான் இருந்தன. கேட்பதற்கே பற்றறி இல்லை.

துவிச்சக்கர வண்டியை நிறுத்தியோ கவிழ்த்தோ வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தனர். சொல்ல எளிதாக இருக்கும் இக்காரியம் அத்துணை எளிதன்று. வண்டி டைனமோ தருவது 6 வோல்ற் அளவான மாறுதிசை மின்னோட்டம். விளக்குக்கு அது போதும், வானொலிக்கு ஆகாது. நேர்மின்னோட்டமாக்க டையோட்டுகள் வேண்டும். அலைவைத் தணிக்க ஒரு கொள்ளளவி வேண்டும். புதியன வாங்கக் கிடைக்காத ஊரில் அவற்றைப் பழுதான பெட்டிகளிலிருந்தே கழற்றியெடுக்க வேண்டும். இரு பற்றறிப் பெட்டிக்கு 3 வோல்ற் போதுமாதலால் மிஞ்சுவதை இடையில் எங்கேனும் இறக்கவும் வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேயும். விரைந்தால் பெட்டிக்கே ஆபத்து. ஆகவே செய்தி முடியும்வரை ஒரே சீராகச் சுற்றுவதற்கு ஆள் மாறி ஆள் வந்தனர். எம் வயதினர் அன்று குழந்தைகள். சக்கரம் சுற்றும் ஓசைக்கு மேலாகக் கேட்ட குரலையே நாம் வானொலி என்று முதலில் அறிந்தோம்.

இதனை யாழ்ப்பாணத்தாரின் தனித்திறமை என்று மேடையிற் புகழ்வோர் உளர். அப்புகழ்ச்சியில் நமக்கு உடன்பாடில்லை. இரு ரோச் பற்றறிகளை ஒரு மக்கட் கூட்டத்துக்கு மறுத்தது யார், அதற்கு ஈடாக எத்தனை மனித உழைப்பு ஒவ்வோர் இரவும் செலவாயிற்று என்ற கணக்கை அது மறைத்துவிடுகிறது. திறமை உண்மைதான், அது விரும்பிப் பயின்ற கலையன்று. அக்கம்பிகளைப் பிணைத்துக் கொடுத்த வானொலி திருத்துவோரின் பெயர்களை இனியேனும் எவராவது அவரவர் ஊரில் எழுதிவைத்தல் வேண்டும். அவர்களுட் பலர் இன்று முதியவர்.

2022இல் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது நம் கையிலிருந்தவை கைத்தொலைபேசிகள். அவற்றுட் பெரும்பாலானவற்றின் பற்றறி பசையிட்டு மூடப்பட்டிருக்கிறது. திறக்கச் சிறப்புக் கருவி வேண்டும். உள்ளே கழற்றிப் பயன்படுத்தத்தக்க பெரிய உதிரி எதுவுமில்லை. டைனமோவால் அதற்கு மின்னேற்ற வழி கண்டாலும், அருகிலுள்ள கோபுரம் மின்சாரமின்றி நின்றுவிட்டாற் பயனில்லை. சிற்றலை வானொலிக்கும் இலண்டனுக்கும் இடையில் அவ்வாறு ஒரு கோபுரம் நிற்கவில்லை. பயன்படுத்துவோர் தம் பொருளைத் திருத்திக்கொள்ளும் உரிமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024இற் சட்டநெறியொன்றை நிறைவேற்றியது. நம் நாட்டிற் பொருளை வாங்குவோர், அதைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற எச்சரிக்கையோடு வாங்கி வருகின்றனர். தமிழோசை வானொலி 2017இல் நின்றது. சுற்றிய வண்டிகள் சில வீடுகளின் பின்புறத்திற் கறல் பிடித்துக் கிடக்கின்றன. சிலவற்றில் டைனமோ இன்னும் பூட்டியபடியே இருக்கிறது.